குரல் தனி, ஆள் தனி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் 'இசையும் திரையும்' என்ற பொருளில் எதையாவது பேசுங்கள் என்றார்கள். கடல் மாதிரியான தலைப்பு. நான் ஒரு கடைக்குள் புகுந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மவுண்ட் ரோடில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடை.

இசையில் பெயரும் பணமும் சேர்த்தவர்கள் சினிமா எடுக்கப் போவது நமக்குப் பழகிய செய்திதான். கங்கை அமரன் 1989-இல் 'கரகாட்டக்கார'னை இயக்கினார். இந்தியில் விஷால் பரத்வாஜ் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், 'மக்பூல்', 'ஓம்காரா' என்று ஷேக்ஸ்பியரை வடநாட்டு மண்ணுக்குக் கொண்டுவந்தார். ஏ.ஆர். ரகுமான் '99 சாங்ஸ்' படத்தின் கதையில் பங்கெடுத்துத் தயாரிக்கவும் செய்தார். அமெரிக்காவில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கார்டி 1975-இல் 'மஹோகனி' படத்தை இயக்கினார். இவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் பேசப்போகிறவர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். பாடகராகவோ வித்வானாகவோ யாரும் அவரை அறிந்ததில்லை. பிறர் பாட்டைப் பதிவுசெய்து விற்றவர். காரைக்குடி அ.வி. மெய்யப்பச் செட்டியார். ஏவி.எம். என்ற மூன்றெழுத்தும் வடபழனியில் சுற்றும் அந்த உருண்டையும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த உருண்டைக்கு முன்னால் சுற்றிய தட்டைத்தான் பலர் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. சாவி கொடுப்பது அண்ணன் வேலை. ஊசி மாற்றுவது என் வேலை. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். அப்புறம் பிளேட்டைத் திருப்பிப் போடவேண்டும். இன்றைக்கும் பேச்சு மாறுகிற ஆளைப் பார்த்து 'பிளேட்டைத் திருப்பிப் போடுறான்' என்கிறோம். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பவர் 'கீறல் விழுந்த ரெக்கார்டு'. பெட்டி பரணுக்குப் போய், பரணிலிருந்து பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. வசவு மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. கிட்டப்பா பிளேட்டு ஓடும்போதெல்லாம் என் பாட்டி ஒன்று சொல்வாள்: "மனுஷன் போய் எத்தனை வருஷமாச்சு, தொண்டை மட்டும் இன்னும் சாகல பாரு."

அவள் சொன்னதில்தான் இன்றைய என் பேச்சு முழுவதும் இருக்கிறது. நாடக மேடையில் பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது வயது 27. தமிழில் பேசும்படம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் கடைசியில். கிட்டப்பா நடித்து ஒரு பேசும்படமும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. மேடையில் குரலும் ஆளும் ஒன்று. நாயகன் பாட முடியாமல் தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைக்கு நாடகம் இல்லை. தட்டில் குரல் தனி, ஆள் தனி. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும், உயிரோடு இல்லாவிட்டாலும் குரலைக் காகித உறையில் போட்டுக் கல்லாவில் விற்கலாம். இந்த உண்மை வித்வான்களுக்குப் புரிவதற்கு முன்னால் கடைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது.

மெய்யப்பன் 1907-இல் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டுகளும் விற்றார்கள். பிறர் தயாரித்ததை வாங்கி விற்பதைவிட நாமே பதிவு செய்தால் என்ன என்று தோன்றி, 1930-களின் தொடக்கத்தில் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மானிய நிறுவனமான ஓடியனின் முத்திரையோடு அவர்கள் தட்டுகள் வந்தன. பாட்டு மட்டுமல்ல, நாடகத்தையே துண்டு போட்டுப் பல தட்டுகளாக்கி ஒரு செட்டாக விற்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. இரவு முழுக்க ஓடும் நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கவேண்டும் என்றால், எந்தப் பாட்டு வேண்டும், எந்த வசனம் வேண்டாம், எந்த இடத்தில் பக்கம் முடியவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். பிற்காலத்தில் சினிமாவில் அந்த வேலைக்கு எடிட்டிங் என்று பெயர் வந்தது. பதிவும் லேசானதல்ல. மெழுகுத் தட்டில் நேராகக் கீறுவார்கள். இரண்டாவது நிமிஷத்தில் ஓர் அபசுரம் விழுந்தாலும் ஒட்டுப்போட முடியாது. தட்டை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். 'சரியாக வரவில்லை, இன்னொரு தடவை' என்று பெரிய வித்வானிடம் சொல்லும் தைரியம் அந்த அறையில் உட்கார்ந்த தயாரிப்பாளருக்கு வந்தாகவேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1935-இல் அவர் சினிமாவுக்குள் வந்தார். சென்னையில் ஒலிப்பட ஸ்டூடியோ என்று ஒன்று முளைத்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர் சகிதம் ரயிலேறிக் கல்கத்தா, பம்பாய் என்று போய்த்தான் பெரும்பாலான தமிழ்ப்படங்களை எடுத்தார்கள். 'அல்லி அர்ஜுனா' கல்கத்தாவில் எடுத்தது. ஓடவில்லை. அதே வருஷம் 'ரத்னாவளி'. அதுவும் ஓடவில்லை. இரண்டுமே ஊரறிந்த பழங்கதைகள். பாட்டுத் தெரிந்தவர்களை நிறுத்திப் பாடவைத்து, எதிரே ஒரு காமிராவை வைத்தால் படமாகிவிடும் என்று அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். தட்டில் வெற்றிபெற்றவருக்கு அந்த மயக்கம் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். படம் பார்க்க வந்தவன் பாட்டுக் கேட்க மட்டும் வரவில்லை என்று கல்லா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதே 1935-இல் அதே கல்கத்தாவில் வேறொன்றும் நடந்தது. நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் நிதின் போஸ் இயக்கத்தில் ஒரு கதையை வங்காளியில் 'பாக்ய சக்ரா' என்றும் இந்தியில் 'தூப் சாவோன்' என்றும் எடுத்தார்கள். பாட்டை முதலில் தனியாகப் பதிவுசெய்துகொண்டு, படப்பிடிப்பின்போது அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்க வைத்தார்கள். அதுவரை நடிகை பாடிக்கொண்டே நடக்கவேண்டும். காமிராவின் கண்ணில் படாமல் ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் கூடவே ஓடவேண்டும். மைக் எங்கே தொங்குகிறதோ அங்கேதான் காதல். கல்கத்தாக்காரர்களின் உத்தி மைக்கைக் கழற்றி எறிந்தது.

தோற்றுப்போன மெய்யப்பன் சிறிது காலம் ஒதுங்கியிருந்துவிட்டு, பெங்களூரில் தியேட்டர் வைத்திருந்த ஜெயந்திலால் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் என்ற பெயரில் திரும்பிவந்தார். 1938-இல் 'நந்தகுமார்'. இயக்கியவர் பிரபாத் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான கேசவராவ் தைபர். கிருஷ்ணனாக வந்த பையன் டி.ஆர். மகாலிங்கம். தேவகியாக நடித்த பெண்ணின் பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தியாக இல்லை. மற்ற தயாரிப்பாளர் என்றால் என்ன செய்திருப்பார்? பாட்டைக் குறைத்திருப்பார்; அல்லது நடிகையை மாற்றியிருப்பார். இவர் இரண்டும் செய்யவில்லை. லலிதா வெங்கடராமன் என்ற பாடகியைப் பாடவைத்து அந்தக் குரலை தேவகியின் வாயில் வைத்தார். தமிழ்த்திரையில் பின்னணிப் பாட்டு என்று நாம் சொல்லும் சங்கதியின் பிறப்பு அது. வரலாற்று நூல்கள் இதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று ஒரு வரியில் கடந்துபோகின்றன. எனக்கு அது கடைக்காரரின் புத்தியாகத் தெரிகிறது. முகம் தெரியாத குரலை வருஷக்கணக்காக விற்றவருக்குக் குரலுக்குரிய முகத்தைத்தான் காட்டியாகவேண்டும் என்ற கூச்சம் இருந்திருக்காது.

1940-இல் தெலுங்கில் 'பூகைலாஸ்'. 1941-இல் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை வைத்து 'சபாபதி'. இன்றைக்குப் போட்டாலும் சிரிப்பு வருகிறது. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அதில் செய்திருக்கும் அட்டகாசத்துக்குத் தனிச் சொற்பொழிவே வைக்கலாம். நான் வேகமாகத் தாண்டிப்போகிறேன். ஒன்று மட்டும்: முதல் இரண்டு படத்தின் தவறை முழுதாக உணர்ந்துவிட்டார் என்பதற்குச் சாட்சி இந்தப் படம். அதன் உயிர் பாட்டில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

பிறகு யுத்தம். கச்சா பிலிமுக்குப் பஞ்சம். படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கக் கட்டுப்பாடு. அந்தச் சமயத்தில் கன்னடத்தில் 'சத்ய ஹரிச்சந்திரா' படத்தை எடுத்திருந்தார், 1943-இல். சினிமாவில் படத்துக்கு ஒரு நெகட்டிவ், ஒலிக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக இருக்கும். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரே பிரதியில் அச்சடிப்பார்கள். 'மேரீட் பிரிண்ட்' என்று அதற்குப் பெயர், கல்யாணமான பிரதி. கல்யாணம் என்றால் ரத்தும் செய்யலாமே! கன்னட ஒலியை எடுத்துவிட்டு, அதே வாயசைப்புக்குத் தமிழ் வசனம் எழுதி, தமிழ்க் குரல்களைப் பதிந்து 1944-இல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் டப்பிங் படமாக இதைத்தான் சொல்கிறார்கள். முதலில் பாட்டை மட்டும் ஆளிடமிருந்து பிரித்தவர், இப்போது பேச்சையும் பிரித்துவிட்டார்.

மூன்றாவது அடி 1945-இல் 'ஸ்ரீவள்ளி'. இயக்கமும் அவரே. வள்ளி திருமணம் கிட்டப்பா மேடையில் கொடிகட்டிப் பறந்த கதை. அந்தப் பாணியிலேயே உச்சஸ்தாயியில் பிசிறில்லாமல் பாடும் டி.ஆர். மகாலிங்கம் இப்போது வாலிபனாக முருகன் வேஷம் கட்டினார். வள்ளி, குமாரி ருக்மிணி. பார்க்க அழகு, நடிப்பும் நன்றாகவே இருந்தது, பாடவும் செய்தார். மகாலிங்கத்தின் தொண்டைக்குப் பக்கத்தில் அந்தக் குரல் எடுபடவில்லை என்று மெய்யப்பனுக்குப் பட்டது. படம் எடுத்து முடிந்த பிறகு ருக்மிணியின் பாட்டுகளை நீக்கிவிட்டு பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கனவே அசைந்து முடிந்துவிட்ட உதடுகளுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். வாயசைப்புக்குப் பாட்டைப் பொருத்துவது பாட்டுக்கு வாயசைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். எடிட்டிங் அறையில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு 'இன்னொரு தடவை' என்று சொன்ன அதே மனுஷர்தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்.

படம் பெரிய வெற்றி. ஆனால் நான் அந்த வெற்றிக்குக் கைதட்டிவிட்டு நகர மனமில்லாமல் நிற்கிறேன். தான் பாடிய பாட்டுக்குத் தன் முகத்தில் இன்னொருத்தி குரல் வருவதை ருக்மிணி தியேட்டரில் உட்கார்ந்து எப்படிப் பார்த்திருப்பார்? பெரியநாயகிக்கும் அது முழு லாபமல்ல. கைதட்டல் கேட்கும்போது திரையில் இருப்பது வேறு முகம். பின்னணிப் பாட்டு பரவிய முதல் வருஷங்களில் பாடுகிறவர் பெயரைப் போடுவதற்குக்கூட யோசித்தார்கள். 1949-இல் 'மஹல்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் தட்டில் முதலில் பாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் அச்சாகியிருந்தது. குரலைக் கழற்றத் தெரிந்த தொழிலுக்குப் பெயரையும் கழற்றிவிடுவது பெரிய காரியமாகப் படவில்லை.

'ஸ்ரீவள்ளி'யின் கையோடு அதே 1945-இல் ஏவி.எம். என்ற பெயரில் ஸ்டூடியோ. சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு. அவர் தயங்காமல் ஊருக்கே திரும்பிப் போனார். காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அதையே ஸ்டூடியோவாக்கிக் கலைஞர்களையெல்லாம் அங்கேயே தங்கவைத்தார். செட்டிநாட்டுச் சாப்பாட்டோடு தமிழ் சினிமா கொஞ்ச காலம் வாழ்ந்தது. 1947 பொங்கலுக்கு அங்கிருந்து வந்தது 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் நாடகம். படத்துக்கு வெளிச்சம் கொடுத்தது பாரதி பாட்டு. டி.கே. பட்டம்மாள் பாட, சிறுமி கமலா ஆடினார். சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பு, ஆடுகிற கால் ஒருத்தியுடையது, பாடுகிற குரல் இன்னொருத்தியுடையது, சொல் செத்துப்போன ஒரு கவிஞனுடையது. தியேட்டரில் இருந்தவர்கள் மூன்றையும் ஒன்றாகத்தான் கேட்டார்கள்.

அந்தச் சொல் யாருடைய சொத்து என்ற கேள்வி அடுத்து வந்தது. இதை விரிவாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலுக்குப் போகவேண்டும். எனக்குத் தேவையானது ஒரு நூலிழைதான். பாரதி நூல்களின் உரிமை தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து, ஜெய்சிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போயிருந்தது. கவிதையை அச்சடிக்க ஓர் உரிமை, ஒலிக்கவிட இன்னோர் உரிமை. கவிதைப் புத்தகம் வாசிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதாகத் தோன்றும்? இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவருக்குத் தோன்றும். மெய்யப்பன் ஏறத்தாழ 10,000 ரூபாய் கொடுத்து அந்த உரிமையை மேத்தாவிடமிருந்து வாங்கினார். 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்ததும், என் உரிமை என்று சட்ட நடவடிக்கையில் இறங்கினார்.

ஊர் கொதித்தது. வ.ரா., நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதியை விடுதலை செய்யவேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். சட்டப்படி பார்த்தால் மெய்யப்பன் பக்கம் தவறு காணமுடியாது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு. ஆனால் நாடே முணுமுணுக்கும் பாட்டுக்கு ஒருவர் பூட்டுப்போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதை எப்படி ஒப்புக்கொள்வது? எழுத்தாளர்கள் பக்கம்தான் நான் நின்றிருப்பேன். 1949-இல் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். இதற்கும் அவருடைய வியாபார புத்தியில்தான் காரணம் தேடுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். தேடினேன், கிடைக்கவில்லை. பெருந்தன்மை என்று எழுதிவிட்டுப் போவதே நியாயம்.

ஸ்டூடியோ 1948-இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்தது. 1949-இல் 'வாழ்க்கை', வைஜயந்திமாலாவின் முதல் படம். பிறகு அதே கதை தெலுங்கிலும் இந்தியிலும். 1952-இல் 'பராசக்தி', நேஷனல் பிக்சர்ஸ் பெருமாளோடு கூட்டாக. அந்தப் படத்தைப் பற்றி இந்த மேடையில் யாரும் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: நீதிமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முழுசாக விளங்கும். பிற்காலத்தில் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் 'ஒலிச்சித்திரம்' என்று படத்தின் ஒலியை மட்டும் போடுவார்கள். ஊரே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து சினிமா 'கேட்டது'. வெளிநாட்டு நண்பரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். படத்தை எடுத்துவிட்டாலும் நிற்கிற படங்களை நாம் எடுத்துக்கொண்டிருந்தோம். நாடகத்தைத் தட்டு செட்டாக்கி விற்ற காலத்துப் பழக்கம் அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது.

இனி ஒரே ஒரு படம். அதோடு உங்களை விட்டுவிடுகிறேன்.

1954 ஏப்ரலில் ஏவி.எம். தயாரிப்பில் 'அந்த நாள்' வெளியானது. இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், பின்னாளில் வீணை பாலச்சந்தர் என்று உலகம் அறிந்தவர். அவரும் இசைக்காரர்தான். இசைத்தட்டு விற்று வளர்ந்த தயாரிப்பாளரும் வீணை வித்வானும் கூட்டுச் சேர்ந்து என்ன எடுத்திருக்கவேண்டும்? அவர்கள் எடுத்தது ஒரு பாட்டுகூட இல்லாத படம். தமிழில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று இல்லை. பாட்டில்லாத தமிழ்ப்படம் என்றால் உப்பில்லாத பண்டம் என்று நினைத்த ஊர் அது. வெளியானபோது சரியாக ஓடவில்லை. தேசிய விருதுக் குழுவினர் தகுதிச் சான்று கொடுத்தார்கள். ஓட்டம் வராமல் சான்றிதழ் வந்தால் தயாரிப்பாளர் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

1943-இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டுபோட்ட சமயத்தில் நடக்கும் கதை. ராஜன் என்பவன் சுடப்பட்டுச் செத்துக்கிடக்கிறான். யார் கொன்றது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஜாவர் சீதாராமனின் எழுத்து. ராஜனாக சிவாஜி கணேசன், அவன் மனைவியாக பண்டரிபாய். இந்த ராஜன் என்ன வேலை பார்க்கிறவன் தெரியுமா? ரேடியோ இன்ஜினியர். ஆளில்லாமல் குரலை அனுப்பும் வித்தை படித்தவன். அந்த வித்தையை வைத்தே எதிரிக்கு ரகசியம் அனுப்புகிறான். குரலையும் ஆளையும் பிரிப்பது எத்தனை ஆபத்தான வேலை என்று, அதைத் தொழிலாகச் செய்த நிறுவனமே எடுத்த படம். இது அவர்கள் நினைத்துச் செய்ததா, தானாக அமைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பாட்டு இல்லையே தவிர, படம் ஊமையாக இல்லை. துப்பாக்கிச் சத்தம் இருக்கிறது, காலடி இருக்கிறது, பயப்படுகிற இடத்தில் பயப்பட வைக்கும் பின்னணி வாத்தியமும் இருக்கிறது. அந்த வாத்தியங்களை வாசித்தது ஏவி.எம்.மின் சொந்த இசைக்குழு. அந்தக் குழுவுக்கு ஸ்டூடியோவின் பெயரை வைக்கவில்லை. சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்று கடையின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.